தோட்டத்துக்குக் குடிபெயரும் குடும்பங்களுக்கு: புரட்டாசி முதல் ஆடி வரை செய்ய வேண்டியவை

நகரத்து வேலையை விட்டோ, அதைக் குறைத்துக்கொண்டோ, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வாங்கிப் பிள்ளைகளோடு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்திலேயே இருக்கும் வீட்டில்) குடியிருக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்களும் அப்படி வந்த குடும்பம்தான். எங்கள் அலைச்சலில் பெரும்பகுதி தாலுகா அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் நடந்ததில் போயிற்று. மீதி, எந்த வேலையை எந்த மாதத்தில் தொடங்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லாததால் வந்தது.

முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். ஆனால் மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி அம்மாதக் கடைசி வரை நீடிக்கும் கத்திரி வெயில் அதே இளவேனிலின் நடுவில்தான் வருகிறது. ஆகவே வீட்டுக் காய்கறித் தோட்டம் கத்திரிக்கு முன்பே வேர் பிடித்திருக்க வேண்டும். அதற்கு மாசிக் கடைசியில் விதை விழ வேண்டும். அதற்குமுன் தண்ணீரும் வேலியும் தயாராக வேண்டும். அதற்கும் முன்பே பத்திரம் முடிந்திருக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கி எண்ணினால், நிலம் தேடும் வேலை புரட்டாசியிலாவது தொடங்கியாக வேண்டும்.

1. நிலத்தின் தாள்கள் (புரட்டாசி முதல் கார்த்திகை வரை)

தமிழ்நாட்டில் விவசாயக் குடும்பத்தைச் சேராதவரும் விளைநிலம் வாங்கலாம் என்பதால், அந்தக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது விற்பவரின் உரிமையைப் பற்றித்தான். பட்டா, சிட்டா (உரிமையாளரின் நில விவரம்), அ-பதிவேட்டு நகல் (நிலம் எந்த வகை என்று காட்டும் வருவாய்க் கணக்கு), புல வரைபடம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணையதளத்திலும், வில்லங்க விவரத்தை (நிலத்தின் மேல் முன்பு பதிவான விற்பனை, அடமானம் போன்றவை) பதிவுத்துறையின் இணையதளத்திலும் சர்வே எண்ணைக் கொண்டு நீங்களே பார்த்துவிடலாம். தரகர் கொடுக்கும் நகலை மட்டும் நம்பாமல், முன்பணம் கொடுப்பதற்கு முதல் நாள் மறுபடியும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வில்லங்கம் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்க்கப்பட வேண்டும்; மூலப் பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும்.

விலை குறைவாகச் சொல்லப்படும் நிலங்களில் அ-பதிவேட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள். பஞ்சமி நிலம் (ஆங்கிலேயர் காலத்தில் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கியது), கோயில் நிலம், பூமிதான நிலம் (நிலமற்றவர்களுக்கென்று தானமாக வந்தது), புறம்போக்கு ஆகியவை எத்தனை கை மாறியிருந்தாலும் உங்களுக்குச் செல்லாது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகன்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. கட்டிக்கொடுத்த மகள்களுக்கும் சம பங்கு உண்டு. "பெண்களுக்கு நகை போட்டு அனுப்பிவிட்டோம், அவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்ற பேச்சு எந்தக் கிராமத்திலும் காதில் விழும். அதை மறுத்துப் பேசாமல், அவர்களையும் பத்திரத்தில் சேர்த்தால் வாங்குகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மைனரின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவையா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவர் கருத்துரைக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களில் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

2. கிணற்றுப் பங்கும் வண்டித்தடமும்

கொங்குப் பகுதியில் புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இங்கே பழைய கிணறுகள் பல, பங்காளிகளுக்குள் பொதுவாகக் கிடக்கின்றன. பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம்" (உரிமை) என்று எழுதியிருக்கும். ஆனால் மோட்டார் யாருடையது, மின் இணைப்பு யார் பெயரில், எந்தெந்த நாள் யாருடைய முறை என்பது எழுத்தில் இருக்காது, வாய்ப்பேச்சில்தான் இருக்கும். நிலம் பார்க்கப் போகும்போது மற்றப் பங்குதாரர்களையும் நேரில் சந்தித்து, முறைநாளைக் கேட்டறிந்து, அதைக் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதச் சொல்லுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை முறை வரும் கிணற்றை நம்பிக் கோடையில் கீரைப்பாத்தி போட முடியாது. முறைநாளில் நிரப்பி வைக்கத் தொட்டி கட்ட வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடமும் அப்படியே. புல வரைபடத்தில் பாதை இல்லாத நிலத்துக்கு, பக்கத்துத் தோட்டத்து வரப்பின் மேல் "மாமூலாகப் போய்வருகிறோம்" என்பார்கள். நடந்து போக அது போதும். டிராக்டருக்கும், நாளைக்கு வீடு கட்ட வரும் மணல் லாரிக்கும் போதாது. தடத்தின் அகலம், அது எந்த சர்வே எண்ணின் வழியாக வருகிறது, அந்த நிலத்தின் உரிமையாளர் எழுதிக்கொடுத்த பாத்தியம் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது ஆகிய மூன்றும் தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

3. பதிவும் பட்டாவும் (மார்கழிக்குள்)

கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கட்ட வேண்டும். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பின்படி 20 லட்சம் வரும் நிலத்துக்கு இது மட்டுமே 1,80,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. சிறிய நிலம் வாங்குபவர்கள் மனைவி பெயரிலேயே பதிவு செய்ய இது ஒரு நல்ல காரணம். பத்திரம் எழுதும் கூலி, வழக்கறிஞர், அளவையர், போக்குவரத்து எல்லாம் தனி. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது, பின்னால் தகராறு வந்தாலும் ரொக்கத்துக்குச் சாட்சி கிடையாது.

பதிவு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். சர்வே எண் முழுவதையும் வாங்கியிருந்தால் பட்டா விரைவில் பெயர் மாறிவிடும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் அதைத் தனி எண்ணாகப் பிரிக்கும் உட்பிரிவு செய்ய வேண்டும்; அளவையர் நேரில் வந்து அளந்து, கோப்பு வட்டாட்சியர் வரை போய்த் திரும்ப மாதங்கள் ஆகலாம். எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பியதற்குக் காரணம், ஆதாரில் தலைப்பெழுத்து முன்னாலும் பத்திரத்தில் தந்தை பெயர் விரிவாகவும் இருந்தது மட்டுமே. ஆதார், பான், பத்திரம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி பதிவுக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். பலர் பெயரும் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவிலேயே விட்டுவைக்கவும் கூடாது. பின்னால் மானியம், பயிர்க்கடன், மின் இணைப்பு எதற்குப் போனாலும் மற்றப் பட்டாதாரர்களின் சம்மதக் கடிதத்தைக் கேட்பார்கள்.

4. மின் இணைப்பு (பதிவு முடிந்த வாரத்திலேயே)

விவசாய மோட்டாருக்கான கட்டணமில்லா மின்சாரமும் குடியிருக்கும் வீட்டுக்கான மின்சாரமும் வேறுவேறு இணைப்புகள். மோட்டார் இணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வீட்டுக்கு விளக்குப் போடுவது ஊரில் சாதாரணமாக நடக்கும் காரியம். பிடிபட்டால் அபராதம் கடுமையாக இருக்கும், இணைப்பையும் துண்டிப்பார்கள். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்பதால், குளிர்சாதனம் இல்லாத எளிய வீட்டுக்குச் செலவு அதிகம் வராது.

நிலத்தில் ஏற்கெனவே விவசாய இணைப்பு இருந்தால் பெயர் மாற்றத்துக்கு உடனே எழுதிக்கொடுங்கள். கிரயப் பத்திர நகலும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், பொதுக்கிணறாக இருந்தால் பங்குதாரர்களின் ஒப்புதலும் தேவைப்படும். இணைப்பே இல்லாத நிலம் என்றால், சாதாரண வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். பணம் கட்டி முன்னுரிமையில் வாங்கும் தட்கல் திட்டத்தில் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் என்ற அளவில் செலவாகும், அந்தத் திட்டமும் அறிவிப்பு வரும்போது மட்டுமே திறக்கும். ஆழ்துளைக் கிணறு போடுவதானால், அடிக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் கூலி ஆழம் கூடக்கூடப் படிப்படியாக ஏறும் என்பதையும், மேல்மண்ணுக்கு இறக்கும் குழாய்க்குத் தனிக்கணக்கு என்பதையும் வண்டி வருவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

5. மண்ணும் தண்ணீரும் பரிசோதனைக்கு (தை)

மண் மாதிரி எடுக்க, மேல்செத்தையை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில "வி" வடிவில் அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச்சுவரை மேலிருந்து கீழாக ஒரே சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்து, நிழலில் உலர்த்திக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவாகக் குறையுங்கள். எருக்குழி அருகிலும், வரப்பு ஓரத்திலும், மரத்தடியிலும் எடுக்கக் கூடாது. அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் மிகச் சிறியது.

மண்ணைவிடத் தண்ணீரின் முடிவைத்தான் நான் முக்கியமாக எண்ணுகிறேன். மண்ணை எரு போட்டு ஆண்டுக்கு ஆண்டு தேற்றிவிடலாம். உப்புத் தண்ணீரை அப்படி மாற்ற முடியாது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் (மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) 0.75-க்குள் இருந்தால் எதையும் பயிரிடலாம். 2-ஐத் தாண்டினால் வெங்காயம், பீன்ஸ், கேரட் ஆகியவற்றை மறந்துவிட்டு, ஓரளவு தாங்கும் கத்தரி, தக்காளி போன்றவற்றோடும் தென்னையோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. முடியுமானால் இந்தத் தண்ணீர்ப் பரிசோதனையை நிலம் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

6. வேலி (தை, மாசி)

பழைய வழக்கம் கிளுவை வேலி. கையளவு கனமுள்ள கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றிவிட்டால் துளிர்த்து உயிர்வேலியாகிவிடும், ஆட்டுக்குத் தழையும் ஆகும். ஆனால் அடர்ந்து வர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை காய்கறிப் பகுதிக்கு மட்டுமாவது கம்பிவலை போட்டாக வேண்டும். ஏக்கர் முழுவதுக்கும் முதல் ஆண்டிலேயே கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டினால் கையிருப்பில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

ஆனால் மயிலுக்கு எந்த வேலியும் கணக்கில்லை. விதை முளைத்து இரண்டு இலை விடும்போது வந்து ஒரு விடியற்காலையில் பாத்தி முழுவதையும் கொத்திவிட்டுப் போகும்; தக்காளி சிவந்தால் நமக்கு முன்னால் அதற்குத் தெரியும். மயில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற பறவை. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது எல்லாம் சிறைக்குக் கொண்டுபோகும் குற்றங்கள். நாற்றங்காலுக்கும் முளைப்பாத்திக்கும் மேலே வலை கட்டுவது ஒன்றே வழி. பழைய மீன்வலையும் இதற்குப் போதும். ஆனால் தரையில் புரளும்படி தொங்கவிட்டால் பாம்பு சிக்கும், ஆகவே அரையடி உயர்த்திக் கட்டுங்கள்.

7. ஐந்து சென்ட் காய்கறித் தோட்டம் (மாசிக் கடைசி முதல் சித்திரை வரை)

முதல் கோடையில் ஏக்கர் முழுவதையும் விதைக்க ஆசைப்படாதீர்கள். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து சென்ட், அதாவது ஏறக்குறைய 2,180 சதுர அடி, தாராளமாகப் போதும். மீதி நிலத்தைக் கோடை மழை விழுந்ததும் டிராக்டரில் உழுது போட்டுவிடுங்கள். "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள். கோரைக்கிழங்கும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் காய்ந்து சாகும். அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். உழவுக்கூலி மணிக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி, ஊருக்கு ஊர் மாறும்.

ஐந்து சென்ட்டை வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அருகில், சாயங்கால வெயிலைத் தடுக்கும் மரவரிசை மேற்கே இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். நான்கடி அகலப் பாத்தி, இடையில் ஒன்றரையடி நடைபாதை. நான்கடிக்கு மேல் போனால் நடுவில் உள்ள களையை எடுக்கப் பாத்திக்குள் கால் வைக்க வேண்டி வரும். எரு சென்ட்டுக்கு 100 கிலோ, ஆக அரை டன். ஒரு டிராக்டர் எருவே இரண்டு பருவத்துக்கு மேல் வரும் என்பதால், இறக்குபவர் இரண்டு லோடு போடச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். எருவைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள்: மக்கியது கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்து, மழைமண் வாசனை அடிக்கும். சாணத்தின் நாற்றமும் சூடும் இருந்தால், அல்லது வெள்ளை வெளேரென்று கட்டைவிரல் பருமனில் புழுக்கள் சுருண்டு கிடந்தால், அதை நிழலில் குவித்து ஈரம் காட்டி மக்கவிட்ட பிறகே போட வேண்டும். அவசரப்பட்டால் செம்மண் நிலத்தில் கறையான் ஏறும்.

கோடையைத் தாங்குபவை இவை: வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, கத்தரி, தண்டுக்கீரை, அரைக்கீரை. வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரையடியும் செடிக்குச் செடி ஓரடியும் விட்டு ஊன்றினால் 45-ஆம் நாளை ஒட்டி முதல் காய் கிடைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். கீரையை மொத்தமாக விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு துண்டு என்று விதைத்தால் 25 நாளில் தொடங்கித் தொடர்ச்சியாகக் கிடைக்கும். கத்தரி நாற்றை மாசித் தொடக்கத்திலேயே தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் விட்டு, மாலை வேளையில் பிடுங்கி நட வேண்டும்.

தக்காளியை இந்தப் பருவத்தில் நம்ப வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் என்ன தெளித்தாலும் நிற்காது. பீர்க்கு, புடலை, சுரைக்கொடிகளும் கத்திரி வெயிலில் ஆண்பூவாகவே பூத்துத் தள்ளும். அவற்றை ஆடிப்பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முருங்கை விதையை மட்டும் இப்போதே வேலியோரம் ஊன்றிவிடுங்கள். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தின் பி.கே.எம். 1 ரகம் ஆறேழு மாதத்தில் காய்த்துவிடும்.

விதைப் பொட்டலத்தில் சோதனை தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். கடைகளில் கோடைத் தொடக்கத்தில் பழைய இருப்புத் தள்ளுபடியில் வரும். சிவப்பு அல்லது நீலச்சாயம் பூசிய விதை மருந்து கலந்தது. பிள்ளைகள் கையில் கொடுத்து ஊன்றச் சொல்லாதீர்கள், மிஞ்சியதைக் கோழிக்கும் போடாதீர்கள்.

தண்ணீரை அதிகாலையில் விடுங்கள். பாத்தியின் மேல் மூன்று விரல் கனத்துக்குத் தென்னந்தோகை, காய்ந்த சருகு, கடலைக்கொடி என்று எது கிடைத்தாலும் மூடாக்காகப் பரப்பினால் தினமும் பாய்ச்சியதை ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சினால் போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் வாழைக்கும் சேம்புக்கும் போகும்படி வாய்க்கால் எடுத்துவிடுங்கள்.

8. குடிவருதல் (சித்திரை, வைகாசி)

பள்ளித் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் வருவதே வசதி. பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு விடுமுறை தொடங்குவதற்கு முன்பே எழுதிக்கொடுத்துவிடுங்கள். மே மாதத்தில் அலுவலகத்தில் கையெழுத்திட ஆளிருக்காது. முகவரி மாற்றத்தில் ஆதார் முதலில், அதன்பின் குடும்ப அட்டை, எரிவாயு, வங்கி என்ற வரிசையில் போனால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சான்றாகும். சாளைக்கு ஊராட்சியில் வீட்டுவரி போட்டு ரசீது வாங்காமல் இந்த வரிசை நகராது.

பாம்பைப் பற்றி ஒளிக்காமல் எழுத வேண்டும். இரவில் தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். கட்டிலும், மெத்தைக்கடியில் செருகிய கொசுவலையும் கட்டாயம். கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது; விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குதல் என்று காட்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் நஞ்சுமுறி மருந்து இருக்கிறது என்பதைக் குடிவந்த வாரமே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

9. கோழியும் மாடும்

ஐந்தாறு நாட்டுக்கோழிகளை வந்தவுடன் வாங்கலாம். கீரிக்கும் நாய்க்கும் எட்டாத கூண்டு இருந்தால் போதும், ஆனால் ஐந்து சென்ட்டுக்குள் விட்டால் மயில் தேவையில்லை. மாட்டை முதல் ஆண்டில் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. ஒரு கறவைக்கு நாளைக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம் வேண்டும். கோடையில் அதை விலைக்கு வாங்கிப் போட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றினால், கொழுப்பைப் பார்த்துத் தரும் விலையில் கையில் நிற்பது சாணம் மட்டுமே. தவிர, காலையும் மாலையும் கறக்க ஆள் வேண்டும் என்பதால் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்க முடியாது. கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணைகளைப் பத்து சென்ட்டில் நட்டு, இரண்டு அறுப்பு எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை பாலைப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம்; அந்தப் பழக்கத்தால் வேறு உதவிகளும் வந்து சேரும்.

10. ஆடிக்கு முன் முடிக்க வேண்டிய தாள்கள் (ஆனி)

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, அதோடு சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு), புல வரைபடம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல், மண், நீர்ப் பரிசோதனை முடிவு, புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்துத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிய வேண்டும். உழவன் செயலியிலும் பதியலாம். நிதி ஒதுக்கீடு ஆண்டுத் தொடக்கத்தில் வருவதால் ஆனியிலேயே வரிசையில் நிற்பது நல்லது. மானியம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் முகவரிடம், பணி ஆணை வருவதற்கு முன் எதுவும் கொடுக்காதீர்கள்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் விவசாயி நிதியைச் சொல்லியும் தரகர்கள் ஆசை காட்டுவார்கள். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு அது கிடையாது. வாரிசுரிமையாக வந்ததற்கு மட்டுமே விலக்கு.

அடங்கலில் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து சென்ட் வெண்டையும் கத்தரியும் போட்டிருந்தாலும் அதைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள். வருவாய்த்துறைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. "தரிசு" என்று ஏறிவிட்டால் பயிர்க்கடனுக்கும் பயிர்க்காப்பீட்டுக்கும் அடுத்த பதிவு வரை காத்திருக்க வேண்டியதாகும்.